புது லோடர் உங்கள் ஆட்டத்துக்கு ஒத்துவருமா? பெயின்ட்பால் ஆடுபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சொந்தமாக மார்க்கர் (பெயின்ட்பால் துப்பாக்கி) வாங்கி பெயின்ட்பால் ஆடத் தொடங்கியவர்கள் அடுத்ததாக மாற்ற நினைப்பது பெரும்பாலும் லோடரைத்தான். மார்க்கரின் மேல் பூட்டி, வண்ண உருண்டைகளை நிரப்பி ஊட்டும் குடுவை அது; ஹாப்பர் என்றும் சொல்வோம். வாடகை மார்க்கரின் தலையில் இருக்கும் சாதாரண பிளாஸ்டிக் குடுவையோடு ஆடிப் பழகிய ஒருவர், பக்கத்து அணிக்காரரின் லோடர் மோட்டார் ஓசையோடு உருண்டைகளைத் தள்ளிக்கொண்டே இருப்பதைப் பார்த்தால் ஆசைப்படுவது இயல்பு. பெட்டியில் நொடிக்கு 30 உருண்டை, அதற்கும் மேல் என்றெல்லாம் போட்டிருக்கும். அந்த எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மார்க்கர் கேட்காத ஒரு உருண்டையைக்கூட எந்த லோடரும் உள்ளே அனுப்பப் போவதில்லை. நீங்கள் எப்படிச் சுடுகிறீர்கள், எங்கே நிற்கிறீர்கள், மார்க்கரை எப்படிச் சாய்த்துப் பிடிக்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் லோடர் ஒத்துவருமா என்று சொல்ல முடியும்.

முதல் படி: உங்கள் ஆட்டத்தைக் கவனியுங்கள்

அடுத்த சில ஆட்ட நாட்களுக்கு எதையும் வாங்க வேண்டாம். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்து வெளியே வந்ததும் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: லோடரில் எவ்வளவு மிச்சம், எத்தனை பாட் (கூடுதல் உருண்டைகளை எடுத்துச்செல்லும் குழாய்) காலி. வழக்கமான லோடர் 200 உருண்டை கொள்ளும், வழக்கமான பாட் ஒன்றில் 140 இருக்கும். நொடிக்கு 10 வீதம் விடாமல் சுட்டால் லோடர் 20 நொடியில் காலி. இந்தக் கணக்கை மனதில் வைத்துப் பார்த்தால் உங்கள் வேகம் உங்களுக்கே தெரிந்துவிடும். ஆட்டம் முடிந்த பிறகும் பாதி லோடர் மிச்சமிருப்பவர் ஒரு வகை. மூன்று பாட் தீர்ந்து நான்காவதைத் தேடுபவர் வேறு வகை. இருவருக்கும் ஒரே லோடரைப் பரிந்துரைப்பவர் சொல்வதைக் கேட்க வேண்டாம்.

முடிந்தால் நண்பர் ஒருவரை ஓரத்தில் நிற்கவைத்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நாம் சுடுவதாக நினைக்கும் விதமும் உண்மையில் சுடும் விதமும் பெரும்பாலும் வேறாக இருக்கும். வீடியோவில் மூன்றைப் பாருங்கள். ஒன்று, தொடர்ச்சியாக எத்தனை உருண்டை விடுகிறீர்கள்: இரண்டு மூன்றா, பதினைந்து இருபதா? இரண்டு, சுடும்போது லோடர் செங்குத்தாக நிற்கிறதா, பக்கவாட்டில் சாய்கிறதா? மூன்று, பங்கருக்கு (மறைந்துகொள்ளும் தடுப்புக்கு) பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும்போது உங்கள் உடம்பில் முதலில் வெளியே தெரிவது என்ன? பலருக்கு அது லோடராகத்தான் இருக்கும். லோடரில் பட்டு உடைந்தாலும் நீங்கள் அவுட்.

பின்வரிசையில் நின்று எதிரணி ஓடும் பாதையை அடைத்துச் சுடுபவருக்குத் தடையில்லாத தொடர்ச்சியும் கொள்ளளவும் வேண்டும். ஸ்னேக் (மைதான ஓரத்தில் தாழ்வாக நீளும் தடுப்பு) பக்கம் தவழ்ந்து போகும் முன்வரிசைக்காரருக்கு உயரம் குறைந்த, எடை குறைந்த லோடர் வேண்டும். அதோடு, படுத்துக்கொண்டு மார்க்கரைப் பக்கவாட்டில் திருப்பினாலும் உருண்டை வரவேண்டும். நடுவரிசைக்காரர் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்கிறவர், அவருக்குத்தான் தேர்வு கடினம். காட்டு மைதானத்தில் பதுங்கி ஆடுபவருக்குச் சத்தம் முக்கியம். மோட்டார் ஓசையும், பாதி காலியான லோடரில் உருண்டைகள் குலுங்கும் ஓசையும் அமைதியான காட்டில் நன்றாகவே கேட்கும்.

முதல் பெயின்ட்பால் ஆட்டம் 1981 ஜூனில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹெனிக்கர் என்ற ஊரில் நடந்தது. பன்னிரண்டு பேர் ஆடினார்கள். கையில் இருந்தது மரங்களுக்குக் குறியிட உருவான நெல்ஸ்பாட் 007 துப்பாக்கி. வென்ற ரிச்சி ஒயிட் காட்டுத்துறை அனுபவம் உள்ளவர். ஒரு முறைகூடச் சுடாமல் கொடிகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவரைப் போல ஆடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புது லோடர் எந்த விதத்திலும் உதவாது என்பதை நேராகவே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் படி: மார்க்கர் என்ன கேட்கிறது?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

உருண்டையின் விட்டம் 0.68 அங்குலம், அதாவது ஏறக்குறைய 17.3 மில்லிமீட்டர். மார்க்கரின் போல்ட் (உருண்டையைக் குழலுக்குள் தள்ளும் பாகம்) பின்னால் போனதும் கழுத்தில் (லோடர் பூட்டும் குழாயில்) அடுக்கி நிற்கும் உருண்டைகளில் அடியில் உள்ள உருண்டை அந்த 17.3 மில்லிமீட்டர் கீழே இறங்க வேண்டும். புவியீர்ப்பு மட்டும் இழுத்தால் அதற்கு ஏறக்குறைய 0.06 நொடி ஆகும். நொடிக்கு 10 சுட்டால் ஒரு சுற்றுக்கு 0.1 நொடிதான். அதிலும் போல்ட் திறந்திருப்பது ஒரு பகுதி நேரம் மட்டுமே. அந்தச் சின்ன இடைவெளிக்குள் உருண்டை முழுதாக இறங்காவிட்டால் போல்ட் அதைப் பாதியில் நறுக்கிவிடும். இதைத்தான் சாப் என்கிறோம். பேரல் (குழல்) முழுக்க வண்ணம் பூசிக்கொள்ளும், அடுத்த பத்து உருண்டைகளும் கண்ட திசையில் வளைந்து போகும்.

இதோடு சாய்வையும் சேர்த்துப் பாருங்கள். மார்க்கரை 60 டிகிரி பக்கவாட்டில் சாய்த்தால் கழுத்தின் வழியே இழுக்கும் விசை பாதியாகிறது. 0.06 நொடி 0.085 ஆகிறது, உரசலைச் சேர்க்காமலே. நேராக நின்று சுடும்போது ஒழுங்காக ஓடிய கிராவிட்டி லோடர் (புவியீர்ப்பால் மட்டும் ஊட்டும் சாதாரண லோடர்), பங்கரின் ஓரத்திலிருந்து சாய்ந்து சுடும்போது மட்டும் விட்டுவிட்டு வருவது இதனால்தான். அப்புறம் இன்னொரு தொல்லை. லோடரின் வாயில் உருண்டைகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு, மில்லின் கொட்டுவாயில் தானியம் அடைப்பது போல, இறங்காமல் நின்றுவிடும். மார்க்கரைக் குலுக்கினால்தான் இறங்கும். நீங்கள் குலுக்கும் அந்த நொடிதான் எதிராளிக்கு வேண்டிய நொடி.

இனி உங்கள் மார்க்கரை எடுத்துப் பாருங்கள். பம்ப் மார்க்கர் என்றால், ஒவ்வொரு சுடுதலுக்கும் கை ஒரு முறை போய்வர வேண்டும். கிராவிட்டி லோடரே தாராளம், அதுவும் சின்னதாக 50 அல்லது 100 கொள்ளும் ஒன்றே போதும். மெக்கானிக்கல் டிரிகர் கொண்ட மார்க்கர் என்றால் உங்கள் விரல் வேகம்தான் எல்லை. நிதானமாகச் சுடுபவருக்கு நல்ல கிராவிட்டி லோடர் ஒத்துழைக்கும். விரல் வேகமானவருக்கு அது தடுமாறும். கண் (உருண்டை இறங்கியதா என்று பார்க்கும் உணரி) இல்லாத மார்க்கர் காலி அறையிலும் பாதி இறங்கிய உருண்டையிலும் தயங்காமல் சுட்டுவிடும் என்பதால் சாப் கூடும். எலக்ட்ரானிக் மார்க்கரில் பெரும்பாலும் கண் இருக்கும். உருண்டை முழுதாக இறங்கும்வரை அது சுடாமல் காத்திருக்கும். ஆகவே மெதுவான லோடர் போட்டால் உருண்டை உடையாது, ஆனால் காசு கொடுத்து வாங்கிய வேகம் கைக்கு வராது. எலக்ட்ரானிக் மார்க்கரின் மேல் கிராவிட்டி லோடரை வைத்து ஆடிக்கொண்டிருப்பவர் மட்டும் அதிகம் யோசிக்காமல் மாறலாம்.

ஒரு எச்சரிக்கை. அழுத்தித் தள்ளும் லோடர் போடும் முன் மார்க்கரின் டிடென்ட்டுகளைப் பாருங்கள். உருண்டை பேரலுக்குள் தானாக உருண்டு போகாமல் பிடித்துக்கொள்ளும் சின்ன ரப்பர் அல்லது பிளாஸ்டிக் துண்டுகள் அவை. தேய்ந்திருந்தால் லோடரின் அழுத்தத்தில் இரண்டு உருண்டை சேர்ந்து உள்ளே போய்விடும். அந்தப் பழி லோடர்மேல் விழும்.

மூன்றாம் படி: மைதானத்தின் விதி

நீங்கள் ஆடும் மைதானத்தில் என்ன வேகம் அனுமதி என்று கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்கப் போட்டிகளில் ஒருகாலத்தில் நொடிக்கு 15 வரை போனது, பிறகு படிப்படியாகக் குறைத்து இப்போது 10ஐ ஒட்டி நிறுத்திவிட்டார்கள். பல வாடகை மைதானங்களில் ஒரு இழுப்புக்கு ஒரு உருண்டை மட்டும்தான். மெக்கானிக்கல் மார்க்கர் மட்டும் ஆடும் போட்டிகளும் இப்போது நிறைய. எல்லை 10 என்றால் 15ஐ நிம்மதியாகக் கொடுக்கும் லோடரும் 30ஐக் கொடுக்கும் லோடரும் உங்களுக்கு ஒன்றுதான்.

நான்காம் படி: வகைகளை அறிந்துகொள்ளுங்கள்

கிராவிட்டி லோடரில் அசையும் பாகம் எதுவும் இல்லை. விலை 10 டாலரை ஒட்டி இருக்கும். கெட்டுப்போவதற்கு ஒன்றுமில்லை, மழையில் நனைந்தாலும் கவலையில்லை, எடையும் குறைவு.

கிளறிவிடும் வகை அடுத்தது. உள்ளே ஒரு துடுப்பு சுழன்று அடைப்பைக் கலைக்கும், ஆனால் உருண்டையை அழுத்தித் தள்ளாது; இறங்குவது புவியீர்ப்பால்தான். வியூலோடர் ரெவல்யூஷன் இந்த வகையில் 1990களில் எல்லோர் மார்க்கரின் தலையிலும் இருந்தது. அந்தப் பத்தாண்டின் இரண்டாம் பாதியில் எலக்ட்ரானிக் மார்க்கர்கள் வந்ததும் இதுவும் போதாமல் போனது. அதிலிருந்து பிறந்ததுதான் ஃபோர்ஸ் ஃபீட். ஹாலோ அதில் முன்னோடி; இன்று டை ரோட்டர், வர்ச்சூ ஸ்பயர் போன்றவை பரவலாகத் தெரியும் பெயர்கள். இவை ஒவ்வொரு உருண்டையையும் பிடித்து, கழுத்தில் உள்ள அடுக்கை எப்போதும் அழுத்தத்தில் வைத்திருக்கும். மார்க்கரைச் சாய்த்தாலும் ஊட்டும். என் கருத்தில் ஃபோர்ஸ் ஃபீடின் உண்மையான பயன் வேகத்தைவிட இதுதான். சாய்ந்து சுடுபவருக்கு இது பெரிய மாற்றம். நிமிர்ந்தே சுடுபவர் வித்தியாசத்தை அவ்வளவாக உணரமாட்டார்.

பேட்டரி வேண்டாம் என்பவர்களுக்கு இரண்டு வழி உண்டு. டிப்மன் ஏ-5, எக்ஸ்7 மார்க்கர்களில் வரும் சைக்ளோன் ஃபீட், சுடும்போது கிடைக்கும் காற்றிலேயே ஒரு பல்சக்கரத்தைத் திருப்பி, ஒவ்வொரு சுடுதலுக்கும் ஒரு உருண்டையைத் தள்ளும். பிளானட் எக்லிப்ஸ் நிறுவனத்தின் பால் (PAL) முறையிலும் மார்க்கரிலிருந்து வரும் காற்றே லோடரை இயக்குகிறது, ஆனால் அதற்கு ஏற்ற மார்க்கர் இருந்தால் மட்டும். காட்டில் ஆடும் மெக்கானிக்கல்காரர்களுக்கு இந்த இரண்டையும் நான் மனதாரச் சொல்வேன். மோட்டார் சத்தமும் இல்லை, பேட்டரி தீர்ந்துவிடுமோ என்ற பயமும் இல்லை.

மேகசின் ஊட்டும் மார்க்கர் வேறு உலகம். ஒரு மேகசினில் 10 முதல் 20 உருண்டைதான். துடுப்பு வால் கொண்ட ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் வகையைச் சுட வேண்டுமென்றால் இதுதான் வழி. அவை ஒரே திசையில் நிற்க வேண்டும், சாதாரண லோடரில் கொட்டினால் வேலை செய்யாது. இதற்கு மாறுவது லோடர் மாற்றுவதாகாது, மார்க்கரையே மாற்றுவதாகும்.

ஐந்தாம் படி: எடையும் உயரமும்

ஒரு உருண்டை ஏறக்குறைய 3 கிராம். 200 உருண்டை என்றால் 600 கிராம். ஃபோர்ஸ் ஃபீட் லோடர் பேட்டரியோடு அரை கிலோ அளவில் இருக்கும். ஆக மார்க்கரின் தலைக்கு மேல் ஒரு கிலோவுக்கு மேல் ஏறுகிறது, அதுவும் கைப்பிடியிலிருந்து தள்ளி, உயரத்தில். நிற்கும்போது இது பெரிதாகத் தெரியாது. வலதுபக்கமிருந்து இடதுபக்கம் மார்க்கரைச் சட்டென்று மாற்றும்போது மணிக்கட்டு உணரும். முன்வரிசையில் ஆடுபவர் அந்த அசைவை ஒரு நாளில் எண்ணற்ற முறை செய்வார்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்கும் காலி லோடரை நம்ப வேண்டாம். நிரப்பி, மார்க்கரில் பூட்டி, காற்று டேங்கும் மாட்டிய பிறகு முகமூடியோடு குனிந்து எழுந்து பாருங்கள். பக்கத்திலிருந்து ஒருவரை உங்கள் பழைய லோடருக்கும் புதியதற்கும் உயர வித்தியாசம் பார்க்கச் சொல்லுங்கள். கொள்ளளவை மாற்றும் வசதி உள்ளவை உண்டு. டை ரோட்டர் ஆர்2 200க்கும் 260க்கும் மாறும். ஆட்டத்துக்கு 100 உருண்டைகூடச் சுடாத முன்வரிசைக்காரர் 260க்கு ஆசைப்பட்டால் எதிராளிக்குப் பெரிய இலக்கைக் காட்டுகிறார், அவ்வளவுதான். வேண்டுமானால் 200 லோடரையே பாதி நிரப்பிப் போகலாம். எடை குறைக்கச் செலவில்லாத வழி அது.

ஆறாம் படி: பெயின்ட்டும் வானிலையும்

உருண்டையின் ஓடு ஜெலட்டின். குளிரில் அது நொறுங்கும், வெயிலில் இளகும், ஈரப்பதத்தில் ஊதிப் பருக்கும். போட்டிக்கான விலை கூடிய பெயின்ட்டின் ஓடு மெல்லியது, பட்டதும் உடைய வேண்டும் என்பதற்காக. குளிர்ந்த காலையில் அதை அழுத்தம் கூடிய ஃபோர்ஸ் ஃபீடில் போட்டால் லோடருக்குள்ளேயே உடையலாம். வேகத்தையோ அழுத்தத்தையோ குறைத்துக்கொள்ளும் அமைப்பு உள்ள லோடர் குளிர்நாட்டில் ஆடுபவருக்கு அவசியம். மலேசியா போன்ற புழுக்கமான இடத்தில் ஆடுபவருக்கு வேறு கவலை: ஊதிய உருண்டைகள் ஒட்டிக்கொண்டு நிற்கும், அங்கே தள்ளும் லோடர் கைகொடுக்கும். அடைத்துக்கொண்டால் வெளியிலிருந்தே விடுவிக்கும் விசை உள்ளதா என்றும் பாருங்கள். எந்த லோடராக இருந்தாலும் பெயின்ட்டைப் பையில் மூடி நிழலில் வையுங்கள்.

ஏழாம் படி: கடன் வாங்கிச் சோதியுங்கள்

மைதானத்தில் கேட்டால் பெரும்பாலானவர்கள் ஒரு மணி நேரத்துக்கு லோடரைக் கொடுப்பார்கள். வாங்கியதும் முதலில் கழுத்தில் பொருந்துகிறதா என்று பாருங்கள். கழுத்தளவு மார்க்கருக்கு மார்க்கர் கொஞ்சம் மாறும். பிடிப்பானை இறுக்கிய பிறகு லோடரைப் பிடித்துத் தூக்கினால் மார்க்கரும் கூடவே ஆட்டமில்லாமல் வரவேண்டும்.

பிறகு இலக்குப் பகுதிக்குப் போங்கள். முகமூடி கழற்றக் கூடாது, வேகத்தை மைதானம் சொல்லும் எல்லைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பழைய லோடரில் என்ன பெயின்ட் போட்டீர்களோ அதே பையிலிருந்து இதற்கும் போடுங்கள். நேராக நின்று பத்துப் பத்தாகச் சில தொடர்கள். அதையே இடப்பக்கம் சாய்ந்து, வலப்பக்கம் சாய்ந்து, பிறகு தரையில் படுத்து. எங்கே விட்டுவிட்டு வருகிறது, எங்கே பேரலில் வண்ணம் தெரிகிறது என்று கவனியுங்கள். அடுத்து அதே வரிசையில் பழைய லோடரோடும் செய்யுங்கள். இந்த ஒப்பீடு இல்லாமல் எடுக்கும் முடிவு வெறும் ஆசைதான்.

கடைசி இருபது முப்பது உருண்டைகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். நிறைய லோடர்கள் நிரம்பியிருக்கும்போது அருமையாக ஓடும், தீரப்போகும் நேரத்தில் தடுமாறும். மார்க்கர் காலியாகச் சுடத் தொடங்கியதும் நிறுத்தி, உள்ளே எத்தனை உருண்டை மிச்சம் என்று பாருங்கள். படுத்த நிலையிலும் அதையே பாருங்கள். அந்த மிச்சம் ஆட்டத்தில் உங்களுக்கு இல்லாத உருண்டைகள்.

அடுத்தது நிரப்புதல். 200 லோடரில் 140 பாட் முழுதாக இறங்க வேண்டுமென்றால் 60தான் மிச்சமிருக்க வேண்டும். கையுறையோடு, கண்ணை எதிராளிமேல் வைத்துக்கொண்டு, பாட்டைத் திறந்து கொட்டிப் பாருங்கள். மூடிக்குப் பதிலாக வளையும் விரல்கள் கொண்ட ஸ்பீட் ஃபீட் இருந்தால் பாட்டை நேராக அழுத்திக் கொட்டலாம். ஆனால் குதித்து விழும்போது சில உருண்டை தெறிக்கலாம், மழையும் உள்ளே போகும். தவழ்ந்து ஆடுபவர் மூடியோடு இருப்பதே நல்லது. பின்வரிசைக்காரருக்கு ஸ்பீட் ஃபீட் நேரம் மிச்சப்படுத்தும்.

எட்டாம் படி: பராமரிப்பு

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். கருவி எதுவும் இல்லாமல் பிரிக்க முடியாத லோடரை வாங்காதீர்கள். உள்ளே உருண்டை உடைவது நிச்சயம், அதை ஆட்டங்களுக்கு நடுவே துடைத்தாக வேண்டும். உருண்டைக்குள் இருப்பது தண்ணீரில் கரைவதுதான், ஈரத் துணி போதும். சர்க்யூட் பலகையில் மட்டும் தண்ணீர் படக்கூடாது. பெரும்பாலானவை ஏஏ பேட்டரியில் ஓடும், ஒரு மாற்று செட் பையில் இருக்கட்டும். பேட்டரி தீர்ந்தால் லோடர் சும்மா ஊட்டுமா என்றும் சோதித்துக்கொள்ளுங்கள். பல ஃபோர்ஸ் ஃபீட் லோடர்கள் மோட்டார் நின்றால் ஒரு உருண்டையைக்கூட விடாது.

ஒன்பதாம் படி: முடிவு

நல்ல ஃபோர்ஸ் ஃபீட் லோடர் 200 டாலரைத் தாண்டும். உங்கள் முகமூடி பழையதாக, பனிமூட்டம் படிவதாக இருந்தால் அந்தக் காசை முதலில் அங்கே போடுங்கள், இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. முகமூடி சரியாக இருக்கிறது, மார்க்கர் எலக்ட்ரானிக், சாய்ந்து சுடுகிறீர்கள் அல்லது நீளமாகச் சுடுகிறீர்கள் என்றால் வாங்குங்கள். மெக்கானிக்கல் மார்க்கரோடு நிதானமாக ஆடுபவர், சோதனையில் பழைய லோடர் தடுமாறிய இடங்கள் உங்கள் உண்மையான ஆட்டத்தில் எத்தனை முறை வருகின்றன என்று முதல் படியில் எடுத்த வீடியோவோடு ஒப்பிடுங்கள். எப்போதாவதுதான் வருகிறது என்றால் அந்தக் காசுக்குப் பெயின்ட் வாங்கி அதிகம் ஆடலாம்.

பழையதை யாராவது விற்றால் அதுவும் நல்ல வழிதான். வாங்கும் முன் ஓட்டில் விரிசல், கழுத்து சேரும் இடத்தில் பிளவு, பேட்டரி முனையில் பச்சைப் படிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வாளியின் மேல் பிடித்து, 200 உருண்டை போட்டு, லோடரை இயக்கி முழுதாகக் காலியாக விடுங்கள். நடுவில் நின்று நின்று ஓடினாலோ, மோட்டார் முனகினாலோ விலை பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம். உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறதா என்று அந்த மாடலின் பெயரைச் சொல்லிக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். புதியது வந்த பிறகு பழைய கிராவிட்டி லோடரைத் தூக்கிப் போடாதீர்கள். மழை நாளில், பேட்டரி ஏமாற்றும் நாளில் அதைப் பையிலிருந்து எடுத்துப் பூட்டிக்கொண்டு ஆட்டத்தைத் தொடரலாம்.